ஓரம் மடக்கியவள்

எனக்குப் பாய் இழைக்கத் தெரியாது. இதை இப்போது வெளியில் சொல்வதால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. ஓய்வூதியம் மாதா மாதம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பாய் இழைக்கப் படிப்பித்ததற்காக வருகிற ஓய்வூதியம் அது.

நான் எழுதுகிற பகிடிக் கட்டுரைகளை வாசித்துவிட்டுச் சிலர், "இதெல்லாம் எங்கேயிருந்து புடிக்கிறீங்க?" என்று கேட்பார்கள். மற்றவர்களிடமிருந்துதான். மற்றவர்கள் செய்கிற கோமாளித்தனங்களில் எனக்கு இருபது வருடத்துக்குப் போதுமான கையிருப்பு இருக்கிறது. என்னுடைய பகிடி என்று ஒன்று உண்டு, அதை மட்டும் எழுதினதில்லை. அதில் சிரிக்கிற இடங்கள் எல்லாம் தொடக்கத்திலேயே முடிந்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கம். உயர்தரப் பரீட்சையில் இரண்டு தரம் தோற்றுவிட்டு வீட்டில் இருந்தேன். வீட்டில் என்றால் நூலகத்துப் புத்தகங்களுக்கு உள்ளே. மூத்த ராத்தாமார் இரண்டு பேருக்கும் வாப்பா வீடு கட்டிக்கொடுத்துக் கல்யாணம் முடித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் மாப்பிள்ளை இல்லை. அவர் வந்து குடியேறுவது அவளுடைய வீட்டில்தான். மூன்றாவது வீட்டுக்கு வாப்பாவிடம் வளவு இருந்தது. கல்லும் ஓடும் இல்லை.

"ஊடும் இல்ல, கண்ணும் கெட்டுப் போகுது," என்றா உம்மா. "கண்ணாடியப் போட்டுக்கிட்டு வளவுக்குள்ள நிக்கிறவள ஆரு வந்து முடிக்கிற? போய் ஒரு கைவேலையாவது பழகு."

கைவேலை என்றால் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் என் கூட்டாளி வீட்டில் நடந்த பாய் இழைப்பு. அவள் எட்டாம் வகுப்பு வரை எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து படித்தவள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. எட்டாம் வகுப்புப் பாஸ் பண்ணின கையோடு அவளை நிறுத்திவிட்டார்கள், கொஞ்சக் காலத்தில் கல்யாணமும் பேசி முடித்தார்கள். நான் அவளைப் பார்த்து எழுத வழியில்லாமல் தனியே படித்துத் தோற்றேன்.

அவள் வீட்டுக் குசினிக்குப் பின்னால் கிடுகுக் கூரை இறக்கின ஒரு பத்தி. லுஹர் தொழுது, சோறு தின்று, பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிட்டுப் பெண்கள் அங்கே கூடுவார்கள். நிரந்தரமான ஆட்கள் நாலு பேர். கூட்டாளி. அவளுடைய மாமி, வாய்க்கும் வெற்றிலைக்கும் ஓய்வு கொடுக்காத பெண். பாண்டிருப்பிலிருந்து பன் கட்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு வருகிற ஒரு தமிழ் அக்கா. குளத்தோரச் சேற்றில் வளரும் அந்தப் புல்லை வெட்டிக் காயவைத்துக் கொண்டுவந்து தந்துவிட்டு, திரும்பிப் போகாமல் எங்களோடு இருந்து தானும் ஒரு பாயை இழைப்பா. நாலாவது ஆள் நான். எனக்கு அங்கே இருந்த வேலை, சிரிப்பதற்கு ஏதாவது இழைத்துக் கொடுப்பது.

என் பாய் தொடங்கும்போது வடக்கே கல்முனையைப் பார்க்கும், முடியும்போது தெற்கே அக்கரைப்பற்றைப் பார்க்கும்.

"இதுல ஆரும் படுத்தா சுபஹுக்கு எழும்பக்குள்ள அடுத்த ஊட்டுல கிடப்பாங்க," என்றா மாமி.

"படிச்ச பிள்ளையெல்லோ," என்றா பாண்டிருப்பு அக்கா. "வளைச்சு வளைச்சுத்தான் இழைப்பா."

கூட்டாளி என் பக்கம் சாய்ந்து, என் இழைகளுக்குள் இரண்டு விரலை விட்டு ஒரு இழுப்பு இழுப்பாள். பாய் கொஞ்ச நேரத்துக்குக் கல்முனைப் பக்கம் திரும்பும்.

பாய் இழைக்கிறவள் நடுவில் எழும்பினால் இழைகள் விரிந்து, பிடித்த இறுக்கம் விட்டுப்போகும். ஆனால் எழும்பத்தான் வேண்டும். பிள்ளை அழும், உலை பொங்கும், வாசலில் மீன்காரன் கூப்பிடுவான். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து "இதக் கொஞ்சம் புடி கா" என்றுவிட்டுப் போவார்கள். பிடித்தவள் சும்மா பிடித்துக்கொண்டும் இருக்கலாம், நாலு வரி இழைத்தும் வைக்கலாம். எத்தனை வரி இழைத்தாலும் பாய் எழும்பிப் போனவளுடையது. வந்து உட்கார்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். ஒன்றே ஒன்றுதான் கூடாது: பிடித்தவள் ஓரத்தை மடக்கக் கூடாது. பாய் முடிகிற இடத்தில் இழைகளின் நுனியை உள்ளே திருப்பிச் செருகுகிற வேலை அது. அதை உரியவள்தான் செய்வாள். ஓரம் மடக்கினால் பாய் முடிந்தது, மடக்கினவளுடையது.

இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மாமியின் பாய் ஒன்றுக்கு எவளோ ஒருத்தி, உதவி என்று நினைத்து ஓரம் மடக்கிவிட்டாளாம். அவளுடைய வீட்டுக் கல்யாணத்துக்கும் மாமி போகவில்லை, மவுத்துக்கும் போகவில்லை. "அவளாத்தானே மாமி மடக்கினா, உங்களுக்கு வேல மிச்சம்தானே?" என்று நான் ஒருமுறை கேட்டேன். மாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் இரண்டு பரீட்சைத் தோல்வியும் இருந்தன.

கூட்டாளியின் மாப்பிள்ளை போடியார் ஒருவரின் வயலுக்குக் காவல் போகிறவர். இறக்காமத்துக்கு அப்பால் காவல் பரணில் இருந்தவர் ஏன் கீழே இறங்கினார் என்று தெரியவில்லை. கதிர் முற்றின வயலுக்கு யானை வந்தது. அவருக்கு முப்பது வயது இருக்கும். இவளுக்கு இருபத்தி நாலு. மூத்தது பெண், இளையது நடக்கத் தொடங்கியிருந்தது.

மாப்பிள்ளை மவுத்தானதும் அவள் இத்தாவில் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்களுக்கு முகம் காட்டாமல், வெள்ளை உடுத்து இருக்கிற இருப்பு. பத்தி வெளியாட்கள் பார்க்கிற இடம் என்பதால் பாய்கள் உள்ளறைக்கு வந்தன. யன்னலுக்குத் திரை போட்ட இருட்டு அறையில் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகச் சாயம் தோய்த்த பன் கட்டுகள், நடுவில் வெள்ளை உடுத்த அவள். முதல் வாரம் யாரும் பகிடி பேசவில்லை. இரண்டாவது வாரம் அவளே என் பாயைப் பார்த்து, "இது இப்ப சம்மாந்துறைக்குப் போகுது புள்ள," என்றாள். மாமி சிரித்து, பிறகு அழுதா.

அந்த நாட்களில்தான் செய்தி வந்தது. எங்கள் ஊரில் பாய் இழைக்கும் பயிற்சி நிலையம் ஒன்று திறக்கப் போகிறார்கள்; படிப்பிக்க ஒரு பெண் வேண்டும்; எட்டாம் வகுப்புச் சித்தி, அதாவது பாஸ், அதோடு கைத்திறமை; அரசாங்க உத்தியோகம், பிறகு ஓய்வூதியம். அறிவித்தலை நான்தான் சத்தமாக வாசித்தேன். வாசித்து முடியும்போது மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாப்பா இல்லாத இரண்டு பிள்ளைகள், எட்டாம் வகுப்புச் சித்தி, கல்முனை முழுக்கத் தேடினாலும் கிடைக்காத கை. அவளுக்காகவே அளந்து வெட்டின மாதிரி இருந்தது.

நேர்முகப் பரீட்சை அவளுடைய இத்தாவின் இருபதாவது நாளில் விழுந்தது.

மாமி பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டனுப்பினா. கட்டாயத் தேவை என்றால் பகலில் போய்விட்டு வரலாம் என்று கிதாபில் ஒரு சொல் இருக்கிறது என்று அவர் சொல்லியனுப்பினார். அவளுடைய கூடப்பிறந்த மூத்த காக்காவுக்குக் கிதாபில் இருந்தது போதவில்லை. "மையித்து எடுத்து மாசம் ஒண்டாகல்ல. இவ பஸ் ஏறி வேல தேடிப் போறாவாம். நாங்க பிறகு கடைத்தெருவுல எப்படி நிக்கிற?" என்றார். அந்தக் காக்கா கடைத்தெருவில் நிற்பதைத் தவிர வேறு வேலை எதுவும் செய்து நான் கண்டதில்லை.

நாள் தள்ளிப் போட முடியுமா என்று கேட்டு நான் ஒரு கடிதம் எழுதினேன். நல்ல கடிதம், மூன்று பக்கம், அதில் இரண்டு பக்கம் இலக்கியம். பதில் வரவில்லை. அதற்குள் வேறு ஒரு செய்தி வந்தது: ஊர்ப் பெரியவர் ஒருவரின் மருமகள் எம்.பி.யின் சிபாரிசுத் துண்டோடு நேர்முகத்துக்குப் போகப் போகிறாள். அவள் வாழ்நாளில் பன்னைத் தொட்டதில்லை.

மாமிதான் வழி கண்டுபிடித்தா.

"நீ போய் புடி கா," என்றா என்னைப் பார்த்து.

"நானா? எனக்கு இழைக்கத் தெரியாதே மாமி."

"ஒன்ன இழைக்கச் சொன்னாரு ஆரு? புடிக்கச் சொல்றன். இவ இத்தாவ முடிச்சுக்கிட்டு வருவா. வந்தவுடன நீ கைய எடு."

நான் கூட்டாளியைப் பார்த்தேன். அவள் கையில் இருந்த வரியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "ஓம் புள்ள," என்றாள். "வேற ஆர்ர கையிலயும் போறதுக்கு ஒண்ட கையில இருக்கட்டும். நாலு மாசம்தானே."

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அரசாங்க வேலை ஒன்றை, உலை பொங்குகிற நேரத்தில் பக்கத்து ஆளிடம் பிடிக்கக் கொடுக்கிற பாய் என்று நாலு பெண்கள் நம்பினோம். உயர்தரம் இரண்டு தரம் எழுதின நான்தான் அதில் மற்றவர்களைவிட அதிகமாக நம்பினேன். பாண்டிருப்பு அக்கா மட்டும் கேட்டா: "எழுத்துல உங்கட பேரைப் போட்டுட்டா பிறகு அவட பேரை எப்படிப் போடுறது தங்கச்சி?"

"அதெல்லாம் மாத்தலாம்," என்றேன். படித்தவள் சொன்னால் சரி என்று விட்டுவிட்டா.

நேர்முகத்துக்கு நான் கூட்டாளியின் பாய் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு போனேன். நேர்முகம் செய்தவர் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர். மூக்குக்கண்ணாடியின் மேலால் பார்த்துப் பேசுவார். பாயை விரித்தார். நன்றாக இருக்கிறது என்றார். பன்னை எப்போது வெட்ட வேண்டும், எத்தனை நாள் காயவைக்க வேண்டும், சாயம் எப்படி ஏறும் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அந்தப் பத்தியில் ஒரு வருடம் காது மட்டும் திறந்திருந்தவளுக்குத் தெரியாத பாய்ச் சங்கதி எது? தெரியாதது கைக்குத்தான். பிறகு ஒரு கை அகலத்துக்கு இழைத்துக் காட்டச் சொன்னார். இழைத்தேன். அது சற்று நேரம் கல்முனையில் நின்றுவிட்டு மெல்ல நகரத் தொடங்கியதும், "போதும், போதும்," என்று அவரே நிறுத்தினார். எனக்கு முன்னால் போயிருந்த மருமகள் பன்னை எந்த நுனியில் பிடிப்பது என்று அவரிடமே கேட்டிருக்கிறாள். எம்.பி.யின் துண்டு அன்றைக்கு வேலை செய்யவில்லை. ஒரு நேர்மையான அதிகாரி கையில் நான் அகப்பட்டேன், அவரும் என் கையில் அகப்பட்டார்.

வேலை கிடைத்தது. உள்ளறையில் மாமி சீனி போட்டு அவல் குழைத்துத் தந்தா.

பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு கட்டிடம், பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள், ஒரு மேசை, ஒரு கதிரை. காலையில் அங்கே படிப்பிப்பேன். பின்னேரம் கூட்டாளியின் உள்ளறைக்குப் போய் அடுத்த நாள் பாடத்தைப் படிப்பேன். அவள் என் கையைப் பிடித்து, எந்த விரலால் அழுத்த வேண்டும், எந்த வரியில் நிறம் மாற்ற வேண்டும் என்று காட்டுவாள். எனக்குக் கை வராததால் வாயால் சொல்லிக்கொடுக்கவும் பழக்கினாள். "நீ இழைச்சுக் காட்டாத புள்ள. சுத்தி வந்து, 'இறுக்கிப் புடி, இறுக்கிப் புடி' எண்டு செல்லு. அது எப்பயும் சரியாத்தான் இரிக்கும்," என்றாள். இருபது வருடம் நான் படிப்பித்தது அதைத்தான். நாங்கள் இரண்டு பேரும் அந்த இருட்டறையில் சிரித்த சிரிப்பைப் போல பிறகு நான் யாரோடும் சிரித்ததில்லை. எங்கள் சிநேகிதத்தின் நல்ல காலம் அந்த மூன்று மாதம் என்று சொன்னால், அவளுடைய மாப்பிள்ளை செத்த மூன்று மாதம் அது.

ஆனால் அந்தக் கதிரைக்கு ஒரு குணம் இருந்தது. அதில் இருந்தால் 'டீச்சர்' என்பார்கள். ஒழுங்கையில் நான் குடை பிடித்துப் போனால் சைக்கிளில் வருகிற பெரிய மனிசர்கள் ஓரம் விடுவார்கள். வாசகசாலையில் நான் கேட்காமலே புதிய புத்தகத்தை எடுத்துவைத்தார்கள். பிறகு சாய்ந்தமருதிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பள்ளி ஆசிரியர். பெண் உத்தியோகம் என்றபடியால் வீடு பாதி எழும்பியிருந்தால் போதும், மீதியை இரண்டு பேருமாகக் கட்டலாம் என்றார்களாம். உம்மா அன்றைக்கு என் கண்ணாடியைத் தன் முந்தானையால் துடைத்துத் தந்தா.

அடுத்த கிழமை, நேர்முகம் செய்த அந்தப் பெரியவர் நிலையத்தைப் பார்க்க வந்தார். நான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அரை உண்மை: எனக்குச் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, என்னைவிட நன்றாக இழைப்பவள், இத்தாவில் இருந்தபடியால் வர முடியவில்லை, அவளுக்கு இந்த இடத்தைக் கொடுக்க வழி இருக்கிறதா?

அவர் யோசித்தார். "நீர் சேர்ந்து ஆறு மாதம் முடியேல்லத்தானே? அதுக்குள்ள நீர் விலகினால் இடம் காலி. மரண அத்தாட்சிப் பத்திரத்தோட அந்தப் பிள்ளையை ஒரு விண்ணப்பம் போடச் சொல்லும். வரேலாமல் போன காரணம் நியாயமானது. நான் எழுதிறன்," என்றார். எழும்பும்போது, "ஆறு மாதம் கழிஞ்சால் எனக்கு ஒண்டும் செய்யேலாது," என்றும் சொன்னார்.

நான் அன்று பின்னேரம் வழமைபோல உள்ளறைக்குப் போனேன். அடுத்த நாள் பாடத்தைப் படித்தேன். இதைச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். 'நாளைக்கு' என்பதற்கு ஆறு மாதத்தில் எத்தனை இடம் இருக்கிறது.

இத்தா முடிந்தது. தலை முழுகி, ஏழைகளுக்குச் சோறு கொடுத்து, அவள் வெள்ளையை மாற்றினாள். அடுத்த நாள் காலை நிலையத்துக்கு வந்தாள். பச்சை வாயில் சாரி, அதன் மடிப்பு இன்னும் நிமிரவில்லை. கையில் ஒரு புதுக் குடை. மாமியும் பாண்டிருப்பு அக்காவும் கூடவே வந்து வாசலில் நின்றார்கள், பிள்ளையை முதல்நாள் பள்ளிக்கூடத்தில் விட வந்தவர்களைப் போல.

"வந்துட்டன் புள்ள," என்றாள். "கைய எடு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நான் கதிரையில் இருந்தபடியே, "சட்டத்துல இடமில்லயாம் கா. பெரியவருட்டக் கேட்டன். எழுதினத மாத்த ஏலாதாம்," என்றேன்.

எவ்வளவு இலகுவாக வந்தது என்று இப்போதும் ஆச்சரியம். இரண்டு பக்கம் இலக்கியம் இல்லாமல், மூன்றே வசனம்.

பாண்டிருப்பு அக்காதான் கேட்டா: "அதை எழுத்துல காட்டினவங்களா தங்கச்சி? அந்த ஐயாவை நாங்க ஒருக்காப் போய்க் கண்டா என்ன?"

கூட்டாளி அவவின் கையைப் பிடித்தாள். "வேணாம் அக்கா. அவ பொய் சொல்றவளா? எனக்காகத்தானே போய் நிண்டா." பிறகு என்னைப் பார்த்து, "நீ ஏன் கா முகத்த இப்படி வெச்சிரிக்காய்? ஒன்ர குத்தமா இது?" என்றாள்.

பயிற்சி பெறுகிற பெண்களுக்கு மாதம் ஒரு சிறு கொடுப்பனவு இருந்தது. அதற்காக அவள் பெயரைப் பதிந்துகொண்டாள். இரண்டாவது வரிசையில், பதினாறு வயதுப் பெண்பிள்ளைகளுக்கு நடுவில், பாய் இழைக்கப் பழகுகிறவளாக உட்கார்ந்தாள். நான் தினமும் அவள் பெயரை வாசித்து வரவு போட்டேன். பிள்ளைகள் முதல் வாரத்திலேயே விஷயத்தைக் கண்டுகொண்டார்கள்; சந்தேகம் வந்தால் என்னைத் தாண்டி அவளிடம் போவார்கள். அவள், "டீச்சருட்டக் கேளுங்க," என்று என்னிடம் திருப்பி அனுப்புவாள். நான் சுற்றி வந்து, "இறுக்கிப் புடி," என்பேன். யாரும் பார்க்காத நேரம் அவள் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவாள். என் குட்டிப் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக அவள் நினைத்தாள். பெரிய பொய்யின் மேல்தான் பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

என் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு விரிக்க ஒரு கல்யாணப் பாய் தானே இழைப்பதாக அவள் தொடங்கினாள். நாலு நிறம், நடுவில் நட்சத்திரப் பூ, அகலமான பாய். வீட்டிலும் நிலையத்திலுமாக இரண்டு மாதத்து வேலை.

அந்தப் பாய் முக்கால்வாசி வந்திருந்தபோது பெரியவர் மறுபடி வந்தார். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனவர் அவளுக்கு முன்னால் நின்றுவிட்டார். குந்தியிருந்து பாயைத் தடவினார். நேர்முகத்தன்று விரித்த பாயை அவர் மறந்திருக்கவில்லை போலும். இந்தப் பாயைத் தடவினார், என்னைப் பார்த்தார், திரும்பவும் தடவினார்.

"பிள்ளை, இவ்வளவு காலமும் நீர் எங்க இருந்தனீர்? நேர்முகத்துக்கு ஏன் வரேல்ல?"

"நான் அப்ப இத்தாவுல இருந்தன் ஐயா," என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஓ, நீர் அண்டைக்குச் சொன்ன பிள்ளை இவதானோ? நான் சொன்னனே, ஆறு மாதத்துக்குள்ள நீர் விலகி, இவ விண்ணப்பம் போட்டால் எடுத்துத் தாறன் எண்டு. ஏன் போடேல்ல?" குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். நேர்மையான மனிதர்களோடு அதுதான் தொல்லை. "இப்ப எட்டு ஒன்பது மாதமாச்சு. இனி ஏலாது. ச்சே, அநியாயம்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் புத்தகத்தைக் கேட்டார்.

புத்தகத்தை எடுக்கத் திரும்பின நான், மேசையில் அதைத் தேடுகிறவள்போல நெடுநேரம் தேடினேன். அது என் கண்ணுக்கு முன்னால்தான் கிடந்தது.

அவர் போன பிறகும் அவள் இழைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வரியைப் பிரித்தாள், திரும்ப இழைத்தாள். அவள் வரி பிரித்து நான் அன்றைக்குத்தான் கண்டேன். மணி அடித்துப் பிள்ளைகள் எழும்பினார்கள். அவள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டால் சொல்வதற்கு வீடு, சம்பந்தம், உம்மா, வாப்பாவின் கல்லில்லாத வளவு என்று எல்லாம் தயாராக இருந்தது.

"நான் போய்ட்டு வாறன் டீச்சர்," என்றாள்.

பக்கத்தில் பிள்ளைகள் யாரும் இல்லை. கண் சிமிட்டலும் இல்லை.

அவள் நிலையத்தை விட்டு நிற்கவில்லை. பயிற்சிக் காலம் முடியும் வரை ஒரு நாளும் தவறாமல் வந்தாள். 'நீங்க', 'வாங்க' என்றே கதைத்தாள். உள்ளறையில் பின்னேரப் பாடம் நின்றுபோனது. மாமி என்னைக் கண்டால் ஒழுங்கையின் மற்றப் பக்கத்துக்கு மாறினா. பாண்டிருப்பு அக்கா ஒரு நாள் பன் கட்டை நிலையத்து வாசலில் இறக்கிவிட்டு, "எழுத்துல இருக்கா எண்டு நான் அண்டைக்கே கேட்டனே தங்கச்சி," என்றா. அவ்வளவுதான் சொன்னா. கொஞ்சக் காலத்தில் தமிழ் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் இடையில் கலவரம் வந்து, பாதை கெட்டுப்போய் அவ வருவதும் நின்றுவிட்டது. அதற்கு ஊர்கள் காரணம், நான் இல்லை என்பதில் எனக்கு ஒரு அற்ப ஆறுதல்.

பயிற்சி முடிவில் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தோம். ஒவ்வொருவருடைய கைத்திறனைப் பற்றியும் நான் ஒரு சொல் எழுத வேண்டும். அவளுடையதற்கு என்ன எழுதுவது என்று நெடுநேரம் பேனையை வைத்துக்கொண்டிருந்தேன். 'மிகச் சிறப்பு' என்று எழுதினால் அது நான் கெஞ்சுவதாகிவிடும் என்று பட்டது. 'திருப்திகரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் வாங்கி வாசித்துவிட்டு, "ஜஸாக்கல்லாஹ் டீச்சர்," என்று நன்றி சொன்னாள்.

அந்த நாட்களில் எங்கள் ஊர்ப் பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். அதற்குச் சான்றிதழ் தேவையில்லை. இத்தாவில் பகலில் கல்முனைக்கு பஸ் ஏறக்கூடாது என்ற காக்கா, கடல் தாண்டிப் போவதற்குத் தானே ஏஜென்சிக்காரனிடம் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைகள் மாமியிடம் நின்றன. இளையது அப்போது கதைக்கத் தொடங்கியிருந்தது.

புறப்படுவதற்கு முந்தின நாள் காலை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பாதி எழும்பின வீடு. நான் கல்யாணம் முடித்து மூன்று கிழமை. கையில் அந்தப் பாய். எல்லோருக்கும் முன்னால் கூடத்தில் விரித்துக் காட்டினாள். நாலு நிறமும் நட்சத்திரப் பூவும் இழுத்த கயிறு மாதிரி நேராக நின்றன. உம்மா வாயில் கையை வைத்தா.

மூன்று பக்கமும் ஓரம் மடக்கியிருந்தது. நாலாவது பக்கத்தில் இழைகள் ஒரு சாண் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு, நூலால் கட்டிக் கிடந்தன.

"இது முடியல்லயே மகள்," என்றா உம்மா.

"இல்ல உம்மா. முடிஞ்சிட்டு," என்றாள். என் பக்கம் திரும்பினாள். "ஓரத்த நீங்களே மடக்குங்க டீச்சர்."

என் கணவருக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. "ஒங்கட டீச்சருக்கு இது பெரிய வேலையா?" என்று பெருமையாகச் சொன்னார். அவள் அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

நான் அந்த ஓரத்தை மடக்கவில்லை. என் மாணவிகள் யாரிடமாவது கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. சுருட்டி அலுமாரிக்கு மேல் வைத்தேன். காய்ந்த இழை நுனிகள் வருடத்துக்கு வருடம் ஒடிந்து விழுந்தன. பெருநாளைக்கு வீடு ஒட்டடை அடிக்கும்போது அலுமாரிக்கு அடியில் சிவப்பும் ஊதாவுமாகத் துண்டுகள் கிடக்கும். கூட்டி அள்ளுவேன்.

ஏழெட்டு வருடம் கழித்து அவளைக் கல்முனைச் சந்தையில் கண்டேன். லீவில் வந்திருந்தாள். கறுப்பு அபாயா, கைகள் சவர்க்காரத்தில் ஊறி வெளுத்துத் தடித்துப் போயிருந்தன. பக்கத்தில் வளர்ந்த பெண், என்னைவிட உயரம். நான்தான் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல், "எப்ப கா வந்த?" என்றேன்.

"போன கிழம வந்தன் டீச்சர். நீங்க சுகமா?"

மகளுக்கு என்னைக் காட்டி, "இவங்கதான் உம்மாவுக்குப் பாய் இழைக்கப் படிப்பிச்சுத் தந்த டீச்சர்," என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னாள். அந்தப் பிள்ளை சலாம் சொன்னது. நான் பதில் சலாம் சொன்னேன்.

போகத் திரும்பினவள் நின்றாள். "அந்தப் பாயிட ஓரத்த மடக்கினீங்களா டீச்சர்?"

"ஓம்," என்றேன்.

"அப்ப சரி," என்றாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மீன் பக்கம் போனாள்.